சலிப்பு சோம்பல் அல்ல

வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் நம் இளைஞர்கள் பலர் இன்று ஜெர்மன் படிக்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்த ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோவும் இந்தப் பயிற்சியை அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கைப்பேசித் திரையில் நடக்கும் வகுப்புகளைப் பற்றிக் காதில் விழுவது இதுதான்: “ரெண்டாவது வாரமே போரடிக்குது தோழர், தூக்கந்தான் வருது.”

உடனே தீர்ப்பு தயார்: “இவங்களுக்கு எங்க படிப்பு ஏறும்?” தலைமுறை தலைமுறையாக நாம் கேட்ட வசனம். சலிப்பின் காரணத்தை மாணவரின் பிறப்பில் தேடுகிறவர்கள் வகுப்பின் அமைப்பைப் பார்ப்பதில்லை.

ஒருவர் பேச, மற்றவர்கள் மைக்கை மூடிக் கேட்கிறார்கள். ஜெர்மனை ஆங்கிலம் வழியாக நடத்துகிறார்கள். தெரியாத வீட்டுக்குள் நுழைய, பாதி தெரிந்த இன்னொரு வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். கேமராவைப் போட்டால் ஒற்றை அறை வீடு தெரியும். வாய் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆகவே நம் பிள்ளை திரையில் ஒரு இருட்டுக் கட்டமாக உட்கார்ந்திருக்கிறாள். பேச முடியாத இடத்தில் மொழி வராது, கொட்டாவிதான் வரும்.

பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டு பாரசீகம் படிக்க நேர்ந்தவர் அம்பேத்கர். பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தானே கற்றார். பான் பல்கலைக்கழகத்தில் சேர ஜெர்மனிலேயே கடிதம் எழுதினார். பாலி அகராதி தொகுத்தார். நமக்கு மறுக்கப்பட்டது மொழிதான், மூளை அல்ல.

என்ன செய்யலாம்? தனியாகப் படிக்காதீர்கள். மூன்று நாலு பேர் ஒரே இடத்தில், ஒரே போனில் உட்காருங்கள். மைக் மூடியிருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். ஓட்டலில் காபி கேட்கும் பாடம் முடிந்ததும், உங்கள் தெரு, அம்மாவின் வேலை, ஆஸ்பத்திரி ஷிப்ட் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிப் பேசுங்கள்.

தமிழிலிருந்தே நேராகப் போங்கள். ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வரும், நம்மைப் போலவே. ‘தஸ் இஷ் மோர்கன் கொம்ம’: ‘இஷ்’ நான், ‘மோர்கன்’ நாளைக்கு, ‘கொம்ம’ வர்றேன். முன்னால் நிற்கும் ‘தஸ்’ நம்முடைய ‘னு’. ‘நான் நாளைக்கு வர்றேன்னு’. இதற்கு ஆங்கிலம் எதற்கு?

பயிற்சி நடத்துவோரிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம்: தமிழ்வழி விளக்கம், சிறு குழுக்கள், ஒவ்வொருவருக்கும் பேச நேரம், வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற வேளை, டேட்டாச் செலவு. இது சலுகை அல்ல, உரிமை.

தோழர்களே, மைக்கைத் திறங்கள். தப்பாகவே பேசுங்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

— ஆசிரியர் குழு