கிராண்ட் இல்லாத சாமி

மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகும் வழியில் தோட்டங்கள் போய்த் தொழிற்சாலைகளும் தாமான் குடியிருப்புகளும் வந்துவிட்டன. ஆனாலும் வேலியோரம் ஒரு மரம், அடியில் ஒரு சூலம், தகரக் கூரை, எலுமிச்சம்பழம், பாதி எரிந்த சுருட்டு என்று அங்கங்கே இன்னும் கண்ணில் படும். முனியாண்டி. அதிகாரிகளின் கோப்பில் அது அனுமதியில்லாத கட்டடம். வாட்ஸ்அப்பில் பொங்குகிறவர்களுக்குச் சமுதாயத்தின் மானம். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தச் சாமியைப் பற்றிப் பேச ஆளில்லை.

அவர் எப்படி அங்கே வந்தார்? ரப்பர் விளையும் கித்தாக் காட்டுக்கு வந்த நம் ஆட்களால் ஊர்க் கோயிலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. வந்த இடத்தில் பாம்பும் புலியும் மலேரியாவும் காத்திருந்தன. கைக்கு அகப்பட்ட கல்லை நட்டார்கள். கிடைத்த இரும்பைச் சூலமாக அடித்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, கிளம்புகிறவன் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பால் வெட்டும் நிரைக்குப் போனான். தான் குடிக்கும் கள், தான் பிடிக்கும் சுருட்டு, வீட்டில் வளர்ந்த கோழி, இவைதான் படையல். சாமிக்கென்று தனிச் சமையல் கிடையாது.

பக்கத்திலேயே பெரும்பாலும் சிவப்பு வண்ணக் குடிலில் சீனர்களின் டத்தோ கோங் உட்கார்ந்திருப்பார். தலையில் மலாய்த் தொப்பியான சொங்கோக் இருக்கும். படையலில் பன்றிக்கறி ஆகாது. இந்த மண்ணின் மலாய்க் காவலரைச் சீனர்கள் தங்கள் சாமியாக்கிக்கொண்டார்கள். நம் ஆட்களும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதுண்டு. மத நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருநாள் இந்த மரத்தடிக்கு வந்து போகலாம்.

பழைய தோட்டத்தைச் சொர்க்கமாக்கிப் பாடும் எண்ணம் நமக்கில்லை. சாதிக்கொரு லயம், சாதிக்கொரு சாமி என்று பிரித்து வைத்த தோட்டங்களும் இருந்தன. முனியின் பெயரால் குடித்த சம்சு சாராயத்தில் குடும்பங்கள் அழிந்தன. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கோயிலுக்கு இடம் கொடுத்தவர் பெரும்பாலும் தோட்டத்துத் துரை. வாய்வார்த்தைதான், நிலப்பட்டாவான கிராண்ட் கம்பெனியின் பெயரிலேயே இருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்ததும், தலைமுறைகளாக அங்கேயே இருந்த சாமி அத்துமீறிக் குடியேறியவர் ஆனார். 2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அந்த வலியும் சேர்ந்துதான் நவம்பர் 25-ஆம் தேதி இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃபின் பேரணிக்குக் கூட்டத்தைத் திரட்டியது. 2018-இல் சுபாங் ஜெயா சீஃபீல்ட் கோயிலில் கலவரம். அங்கே படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் அடுத்த மாதம் இறந்தார். 2025-இல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பத்ரகாளியம்மன் கோயிலை இடம் மாற்றும் சர்ச்சை. நூறாண்டு பூசை நடந்த இடத்துக்கு நிலமோ நியாயமான மாற்று இடமோ தந்தாக வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நமக்கு உறுத்துவது வேறு. புல்டோசர் வராத இடங்களில் நாமே அந்தச் சாமிக்கு என்ன செய்தோம்? பணம் வந்ததும் தகரக் கூரையைப் பிரித்துக் கோபுரம் எழுப்பினோம். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதி வந்தார். வேலை பெர்மிட்டில் குருக்களும் வந்தார். முனியாண்டி, ஸ்ரீ முனீஸ்வரர் ஆனார். சுருட்டும் கோழியும் நாகரிகமில்லை என்று ஒதுக்கப்பட்டன. சிங்கப்பூர் முனீஸ்வரன் வழிபாட்டைப் பற்றி 2005-இல் புத்தகம் எழுதிய வினிதா சின்ஹா இந்த மாற்றங்களைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதே கதைதான். விளக்கு வைத்துக்கொண்டிருந்த கிழவி இப்போது வரிசையில் நின்று அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறாள். கருவறைப் பக்கம் அவளுக்கு வேலையில்லை.

மரத்தடிச் சாமியைப் போலவே பத்துமலையும் கண்ணால் கண்டுபிடித்த கோயில்தான். குகைவாயிலில் வேலின் வடிவத்தைக் கண்டு கோலாலம்பூர்ப் பிரமுகர் தம்புசாமிப் பிள்ளை அங்கே வேலை நட்டார் என்று சொல்வார்கள். 1891-ஐ ஒட்டி நடந்தது. வெறும் சுண்ணாம்புக் குன்றில் ஒருவருக்கு முருகன் தெரிந்தான். 2006-இல் அதே குன்றின் முன்னால் 42.7 மீட்டர் உயரச் சிலை எழுந்தது. அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இனி அங்கே யாரும் குன்றைப் பார்ப்பதில்லை.

உயரச் சிலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லில் கட்டச் சூளைகள் எரிந்த இடம் அது. பிறகு ரயில்வே ஆட்கள் குடியேறினார்கள். கந்தசுவாமி கோயில், ஹோலி ரோசரி தேவாலயம், பௌத்த மகா விகாரை மூன்றும் அந்த வட்டாரத்தில்தான். இவற்றுக்கெல்லாம் நடுவில் நமக்குப் பிடித்தது ஒரு சமையலறை. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழி வந்த அன்னலட்சுமி உணவகம், சாப்பாட்டுக்கு விலை போடாமல், சாப்பிட்டவர் மனம் போல் கொடுத்தால் போதும் என்று தொடங்கியது. சம்பளம் வாங்காத குடும்பத் தலைவிகள் காய் நறுக்கிப் பரிமாறினார்கள். அங்கே ரசம் ஊற்றிய கைக்கும், விடியுமுன் சூலத்தடியைக் கூட்டிப் பெருக்கிய கைக்கும் அதிக தூரம் இல்லை. கல்லைச் சாமியாக்கியது மந்திரம் என்று குருக்கள் சொல்வார். தினமும் வந்து நின்ற அந்தக் கைகள்தான் ஆக்கின என்று நாம் சொல்வோம். கை நின்றுபோன இடத்தில் கருங்கல் கோபுரம் இருந்தும் புறாதான் குடியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு உங்கள் தோட்டத்துச் சாமியை எழுதி அனுப்புங்கள். எந்த மரம், எந்தக் கல், யார் விளக்கு வைத்தார்கள், என்ன படைத்தார்கள், தோட்டம் விற்ற பிறகு அவரை யார் எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கித்தா வெட்டிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. கும்பாபிஷேக மலரிலிருந்து வெட்டி ஒட்டிய ஸ்தல புராணங்கள் வேண்டாம். பிரமுகர் பொன்னாடை போர்த்திய படங்கள் அறவே வேண்டாம்.