கெவாங் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் தூண்டில் கடைகளில் உங்களைப் போன்ற இளையோரின் கூட்டம் கூடிவிடுகிறது. சுவரில் வரிசை வரிசையாகத் தொங்கும் செயற்கை இரைகளின் முன் நின்று எதை எடுப்பது என்று வெகுநேரம் யோசிக்கிறீர்கள். மலாய் நண்பர்கள் 'கெவாங்' என்று அழைக்கும் இவற்றில் தங்க நிறம், ஊதா நிறம், புலிக்கோடு, ஒளிரும் கண் என எத்தனையோ வகைகள். கடைசியில், யாரோ ஒருவர் காணொளியில் பெரிய தோமானைத் தூக்கிக் காட்டினாரே, அவர் கையில் இருந்த அதே நிறத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள்.

இப்படித் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. கடை விளக்கின் கீழ் அந்த நிறங்கள் மனிதக் கண்ணைத்தான் முதலில் பிடிக்கின்றன. ஆற்றடியில் இருக்கும் மீனுக்கு அதே நிறம் தெரியுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலே போதும். தண்ணீர், மீன், தூண்டில் முள் ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் முப்பது இரைகள் வேண்டாம், மூன்றே போதும்.

மீன் எதைக் கண்டு ஏமாறுகிறது?

பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரபாலா 1936-ஆம் ஆண்டில் தம் முதல் செயற்கை மீனைத் தக்கையில் செதுக்கினார். மேலே சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டினார். பழைய புகைப்படச் சுருளை உருக்கி, அதையே பாதுகாப்புப் பூச்சாகப் பூசினார். அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இந்தப் பூச்சிலோ நிறத்திலோ இல்லை. பெரிய மீன் ஒரு கூட்டத்தைத் தாக்கும்போது, சற்றே தள்ளாடி நீந்தும் மீனைத்தான் குறிவைக்கிறது என்பதை அவர் கூர்ந்து கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டத்தைத் தக்கைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் திரும்பத் திரும்பச் செதுக்கினார்.

விலங்கியலாளர் நிக்கோ டின்பெர்கன் செய்த சோதனையும் இதையே காட்டுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஸ்டிக்கிள்பேக் மீனின் அடிப்பகுதி சிவப்பாக மாறும். மீனைப் போலவே அச்சு அசலாகச் செய்த, ஆனால் சிவப்பு இல்லாத பொம்மையை மற்ற ஆண் மீன்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. மீன் போலவே தெரியாத ஒரு கட்டையின் அடியில் சிவப்புப் பூசியபோது அதைத் தாக்கின! விலங்குகள் பல நேரங்களில் முழு உருவத்தைப் பார்ப்பதில்லை. ஓர் அடையாளத்திற்கே எதிர்வினை காட்டுகின்றன. விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இவரும் ஒருவர்.

ஆகவே, இரையின் மேல் ஒவ்வொரு செதிலையும் நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அது எப்படி நீந்துகிறது என்று கேளுங்கள்.

ஜொகூரின் மூன்று தண்ணீர்

இணையத்தில் கிடைக்கும் தூண்டில் குறிப்புகளில் பல, டிரவுட் மீனை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அது குளிர்நீர் மீன். தமிழ்நாட்டில்கூட வெள்ளையர் காலத்தில் அதை நீலகிரி மலையில்தான் கொண்டுவந்து விட்டார்கள். சமவெளியில் அது பிழைக்காது. பத்து பாகை செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 28 பாகையில் சுமார் 8 மில்லிகிராம்தான். டிரவுட் ஓடைக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே நம் ஊர் வாய்க்காலுக்குப் பொருத்த முடியாது. நம் தண்ணீரை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, தெளிந்த நீர். எண்டாவ் ரொம்பின் காட்டுப் பக்கத்து மேலாறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் இத்தகைய நீரில் செபராவ் இருக்கும். தெளிந்த நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். ஐந்து மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அங்கே உங்கள் சிவப்பு இரை கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். ஆழமில்லாத இடத்தில் வெயில் பட்டு மின்னும் வெள்ளி நிறக் கரண்டி இரையே சிறு மீனின் பக்கவாட்டு மினுமினுப்பைக் காட்டிவிடும்.

இரண்டாவது, தேநீர் நிற நீர். பொந்தியான் வட்டாரத்தில் அன்னாசி விளையும் தானா கம்புட் நிலத்தை அறிவீர்கள். மட்கிய இலைதழைகளிலிருந்து கரையும் பொருள்கள் அங்குள்ள வாய்க்கால் நீரைப் பால் கலக்காத தேநீர்போல் ஆக்குகின்றன. இந்த நீர் நீலத்தையும் ஊதாவையும் முதலில் விழுங்குகிறது. சிவப்பும் ஆரஞ்சும் சற்று அதிக தூரம் போகின்றன. தெளிந்த நீரில் நடப்பதற்கு இது நேர்மாறு! கடையில் பளபளத்த நீல இரை இங்கே வெறும் கறுப்புதான். ஆனால் கறுப்பு எப்போதும் மோசமில்லை. புல் பூண்டுகளுக்கிடையே கிடக்கும் ஹாருவான், அதாவது நம் விரால், மேற்பரப்பில் போகும் இரையைக் கீழிருந்துதான் பார்க்கிறது. வெளிறிய வானத்தின் பின்னணியில் அதற்குத் தெரிவது நிழலுருவம். அந்தி நேரத்தில் கறுப்பு ரப்பர் தவளை தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, கலங்கிய நீர். கனமழைக்குப் பின் கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றைப் பாருங்கள். மிதக்கும் களிமண் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒரு சாண் தள்ளி இருப்பதுகூட மங்கிவிடும். இங்கே நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கவாட்டுக் கோட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் நீரின் அசைவை உணர்கின்றன. நம் உட்செவியில் இருப்பவையும் இதே வகைச் செல்கள்தாம். ஆகவே சுழலும் தகடு உள்ள இரை, அகன்ற உதட்டால் பலமாக ஆடும் இரை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

'தங்க நிறம்தான் ராசி' என்பவர்களுக்கு

"எங்கள் அண்ணன் தங்க நிறத்தில்தான் எப்போதும் பிடிக்கிறார்" என்று நீங்கள் சொல்லலாம். அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். ஒருவர் தங்க நிற இரையை 80 முறையும் பச்சை இரையை 20 முறையும் வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தில் நான்கு மீன், பச்சையில் ஒரு மீன். தங்கம் நான்கு மடங்கு சிறந்தது என்று அவருக்குத் தோன்றும். கணக்குப் போட்டால் இரண்டுமே ஐந்து விழுக்காடுதான். நம்பிக்கை இருந்ததால் அதிகம் வீசினார். அதிகம் வீசியதால் அதிகம் கிடைத்தது.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்தீர்களே, அவை தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரே அளவும் ஒரே எடையும் உள்ள இரண்டு நிறங்களை எடுங்கள். ஒரே இடத்தில், பத்து வீச்சுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, ஒரே வேகத்தில் சுற்றுங்கள். கடித்தவற்றையும் கடிக்காதவற்றையும் குறித்துவையுங்கள். ஐந்தாறு கடிகளை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பல நாள்கள் தொடருங்கள். உங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி எந்தக் காணொளியும் சொல்லாத ஒன்றை உங்கள் குறிப்பேடு சொல்லும்.

மீனுக்கும் ஆற்றுக்கும் ஆவது என்ன?

நிறத்தைவிட முக்கியமான தேர்வு முள். பல இரைகள் இரண்டு மும்முனை முள்களோடு வருகின்றன. திருப்பி விடப்போகும் மீனின் செவுளிலும் கண்ணிலும்கூட அவை சிக்கிக்கொள்ளும். உங்கள் விரலையும் விட்டுவைக்காது. அவற்றைக் கழற்றி ஒற்றை முள்ளை மாட்டுங்கள். முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நிற்கும் சிறு பிசிறைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடும் என்பார்கள். சில தப்பும்தான். நூலைத் தளரவிடாமல் இழுக்கக் கற்றுக்கொண்டால் அந்த இழப்பு குறையும். விடுவித்த மீன் பிழைத்துப் போகும்.

மென்மையான புழு வடிவ இரைகளில் பல, பிவிசி நெகிழியில் மென்மையூட்டும் வேதிப்பொருள் சேர்த்துச் செய்யப்பட்டவை. கிழிந்ததை ஆற்றில் எறிந்தால் மட்காது. மீன் விழுங்கினால் செரிக்காது. ஈயக் குண்டும் அப்படியே. அன்னப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால் பிரிட்டன் 1987-இல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. டங்ஸ்டன் விலை அதிகம். ஆனால் அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஈயத்துக்கு 11.3 கிராம். அதே எடைக்கு ஈயத்தின் கொள்ளளவில் அறுபது விழுக்காடுகூடத் தேவையில்லை. வாங்க முடியாதவர்கள் எஃகு குண்டைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோமான் குஞ்சுகள் மூச்சுவிடக் கூட்டமாக மேலே வரும்போது, செம்மஞ்சள் நிறத்தில் நீர் கொதிப்பதுபோல் இருக்கும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே இரையை வீசினால் பெற்றோர் பாய்ந்து கவ்வும். அது பசியில் கவ்வுவதல்ல, பிள்ளைகளைக் காக்கக் கவ்வுவது. எந்த இரையைப் போட்டாலும் கடிக்கும் என்பதால் இதில் திறமைக்கு வேலையில்லை. பெற்றோர் போனபின் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு உணவாகும். "தோமான் மற்ற மீன்களைத் தின்னும் மீன்தானே, குறைந்தால் நல்லது" என்று சிலர் வாதிடுகிறார்கள். தோமான் நம் ஆறுகளுக்கே உரிய மீன். பிற மீன்களின் எண்ணிக்கையைச் சமன்செய்வது அதன் பங்கு. வெளியிலிருந்து வந்தது தென்னமெரிக்காவின் பீகாக் பாஸ். அது கிடைத்தால் திரும்ப விடாதீர்கள். உயிரோடு வேறு குளத்திற்கும் கொண்டுபோகாதீர்கள்.

கழிமுகத்தில் சியாகாப், அதாவது கொடுவா, பிடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியது கிடைத்தால் அது அநேகமாக முட்டையிடும் பெண். படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இந்த விடுமுறைக்கு என் பரிந்துரை இதுதான். ஒரு வெள்ளிக் கரண்டி, ஒரு கறுப்புத் தவளை, பலமாக ஆடும் ஓர் இரை. மூன்றிலும் ஒற்றை முள். மீதிப் பணத்தில் ஒரு பிளையரும் ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் நிற்காதீர்கள். முதல் வீச்சுக்கு முன் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அதன் நிறத்தை எழுதுங்கள். அதன்பிறகு இரைப்பெட்டியைத் திறந்தால் போதும்.