காசின் மறுபுறம்

உரோமைப் பேரரசர் தீத்து, கி.பி. 80-81இல், தமக்கு முன் ஆண்ட அகுஸ்து, திபேரியு, கிளவுதியு, கால்பா ஆகியோரின் உருவங்களை வெண்கலக் காசுகளில் மீண்டும் பொறித்தார். இதனை நன்றியுணர்வு என்பாரும் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை.

பக்தியெனில், இறந்தபின் தெய்வமென அறிவிக்கப்படாத திபேரியு அங்கு எதற்கு? குலப்பற்றெனில், அகுஸ்துவின் குருதி தீத்துவிடம் ஏது? கலிகுலாவுக்கும் நீரோவுக்கும் அவ்வரிசையில் இடமில்லை. ஆட்சிக்கு உதவும் பெயர்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒருபுறம் முன்னவர் முகம். மறுபுறமோ, 'மீட்டளித்தவர் தீத்து' என்னும் எழுத்து!

கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த படையின் தலைவரே, பத்தாண்டுகளில் 'மீட்டளித்தவர்' ஆகிறார். இறந்தோரின் முகத்தைக் காட்டித் தம் பெயரை நிலைநாட்டுவது நன்றியாகாது. உண்மை நன்றி தன் பெயரை மறைக்கும். ஆதலின், முன்னவரை எவர் புகழினும், காசைத் திருப்பியும் பார்ப்போமாக.