ழகரத்துக்கு எத்தனை பிட்?

மயிலாப்பூர் பாட்டி, அடையாறு பேரனைப் போனில் கூப்பிட்டு "வரும்போது வாழை வாங்கிட்டு வாடா" என்கிறார். அவன் காதில் "வாளை" என்று விழுந்தால் பாட்டி வீட்டுக்குள் மீன் வந்துவிடும்!

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். 'குறைந்த பிட்டில் தெளிவான குரல்' என்று மார்தட்டுகிறவர்கள், அந்தத் தெளிவை எந்த மொழியில் அளந்தார்கள்?

சாதாரண டிஜிட்டல் தொலைபேசிக்கு நொடிக்கு 64 கிலோபிட். 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட், 32 கிலோபிட்டில் பேச வைத்தது. இவை இரண்டும் ஒலி அலையையே பின்தொடர்பவை. எந்த மொழி பேசினாலும் பெரிய சேதமில்லை. 2.4 கிலோபிட்டுக்கு இறங்கினால் கதையே வேறு. அங்கே அலை போகாது, 'வாய் இப்படி இருந்தது' என்ற குறிப்பு மட்டுமே போகும். மெல்ப் என்ற கோடெக்கில் 22.5 மில்லிநொடிக்கு 54 பிட். அதில் வாயின் வடிவத்துக்கு 25. ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் அதற்குள்தான் பிரிந்தாக வேண்டும்.

பிரிகிறதா என்று யார் பார்த்தார்கள்? இத்துறையின் புகழ்பெற்ற சோதனை டயக்னாஸ்டிக் ரைம் டெஸ்ட். 96 ஆங்கில ஜோடிகள், 'வீல் - ஃபீல்' மாதிரி. ஒவ்வொரு ஜோடியிலும் மாறுவது முதல் மெய் மட்டுமே. தமிழில் ழ, ள, ண எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது! ஆக, மலை - மழை, பல்லி - பள்ளி, பனி - பணி எதையும் கேட்காமலே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிடலாம். தமிழ்ப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸான மாதிரி.

"மெட்ராஸ்காரனே வாயப்பயம் என்கிறான், கோடெக்கை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவன் அப்படிப் பேசுவது அவன் உரிமை. சரியாகச் சொல்பவரின் ழகரத்தையும் அழிக்க இயந்திரத்துக்கு என்ன உரிமை?

2021-ல் கூகுளின் லைரா 3 கிலோபிட்டில் வந்தது. 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் பயிற்சியாம். நல்லது. ஆனால் இந்த வகைக் கோடெக், தொலைந்ததை ஊகித்துக் குரலை உருவாக்குகிறது. பழைய கோடெக் கரகரத்தால் "என்னது?" என்று திருப்பிக் கேட்போம். ஊகம் தவறினால் கரகரப்பே இருக்காது, தேனாய்ப் பாயும் குரலில் தப்பான எழுத்து வந்து நிற்கும். மருந்தின் பெயரையோ தெருவின் பெயரையோ சொல்லும்போது இது விளையாட்டல்ல.

தேவை பெரிய ஆராய்ச்சிக்கூடம் அல்ல. நடுவிலும் கடைசியிலும் மாறும் நூறு தமிழ் ஜோடிகள், தி. நகர் கூட்டத்தின் இரைச்சல், காது கொடுக்கப் பத்துப் பேர். ப்ராஜெக்ட் தேடும் மாணவர்களே, இதைவிட மலிவான தலைப்பு கிடைக்குமா?

அதுவரை 'தெளிவு' என்று விளம்பரம் செய்பவர்கள், பக்கத்திலேயே 'ஆங்கிலத்தில் மட்டும்' என்று போட்டுக்கொள்ளட்டும்.