பழியும் பாத்தியதையும் பரம்பரைச் சொத்தா?

 

நுரைச்சோலைச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் நம்மைச் சிந்திக்க வைத்தது. அவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். மறு பக்கம், அண்மையில் வேறொரு சபையில் சேர்ந்த குடும்பம். இரு வீட்டாரும் நல்ல அயலவர்கள். பெருநாள் வட்டிலப்பம் அங்கே போகும். நத்தார் கேக் இங்கே வரும். ஆனால் காஸாவின் செய்தி வந்தால் பேச்சு மாறிவிடுகிறதாம். ஒரு வீட்டுப் பெரியம்மா, "ஆண்டவரைக் கொன்ற கூட்டமல்லவா? அந்தப் பழி அவங்கள விடாது" என்கிறார். மறு வீட்டு அக்காவோ, "அவங்க தேவனுடைய சொந்த ஜனம். அந்த மண் அவங்களுக்கே எழுதப்பட்டது. எதிர்த்து நிற்கிறவங்க அழிஞ்சுதான் போவாங்க" என்கிறார். பத்தாம் தரத்தில் படிக்கும் சகோதரியின் மகள் கேட்டாளாம்: "உம்மா, ரெண்டு பேரும் ஒரே பைபிளைத்தானே ஓதுறாங்க? நாம யார் பக்கம்?"

மகளே, நாம் இருவர் பக்கமும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பெரியம்மாவின் பேச்சு. இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. ஈஸா (அலை) அவர்களைச் சிலுவையில் அறையக் கேட்ட கூட்டம், அந்தப் பழியைத் தம் மீதும் தம் பிள்ளைகள் மீதும் ஏற்றுக்கொண்டதாக மத்தேயு சுவிசேஷம் கூறுகிறது. அதை வைத்துக்கொண்டு, பிறக்கப்போகும் யூதக் குழந்தையும் கொலைகாரக் குழந்தையே என்று நூற்றாண்டுக் கணக்காகப் போதித்தார்கள். 1215இல் கூடிய திருச்சபைச் சங்கம், யூதரும் முஸ்லிம்களும் உடையாலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் யூதர்களைத் துரத்தின. ஸ்பெயினிலிருந்து வந்தவர்களில் பலருக்குப் புகலிடம் கொடுத்தவர் உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத். அதே ஸ்பெயின் 1609 முதல் முஸ்லிம் வம்சத்தினரையும் கப்பலேற்றியது. அவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தும் விடவில்லை. இரத்தத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அது ஒரு சமூகத்தோடு நிற்காது. இப்படி ஊறிய வெறுப்பு மண்ணில்தான் ஹிட்லரின் இனவெறியும் வேர்விட்டு, அறுபது இலட்சம் யூதர்களைப் பலிகொண்டது.

நமது நம்பிக்கைப்படி, ஈஸா (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை (4:157). நடக்காத கொலைக்குப் பரம்பரைப் பழி எப்படி வரும்? பனூ இஸ்ராயீலில் வரம்பு மீறியவர்களைக் குர்ஆன் கண்டிக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்றும் அதுவே சொல்கிறது (3:113). ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது அல்லாஹ்வின் சட்டம் (6:164).

பெரியம்மாவிடம் இன்னொன்றையும் மெல்லச் சொல்லலாம். அவருடைய திருச்சபையே 1965 ஒக்டோபர் 28இல், இந்தப் பழியை அன்றைய யூதர் எல்லோர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக்கூடாது என்று வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டது. மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் அவர்கள் திருவிழாவுக்குப் போகும் தலவில புனித அன்னம்மாள் யார்? மர்யம் (அலை) அவர்களின் தாய். நாம் இம்ரானின் மனைவி ஹன்னா என்று கண்ணியப்படுத்தும் அதே தாய்தான். வயிற்றுப் பிள்ளையை அல்லாஹ்வுக்கே நேர்ந்துவிட்ட அவர்களும் பனூ இஸ்ராயீல் குலத்துப் பெண்தானே!

அடுத்தது அக்காவின் பேச்சு. இது பிற்காலத்தில் பரவிய போதனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர், யூதர்கள் பலஸ்தீனுக்குத் திரும்புவது இறுதிக்கால அடையாளம் என்று பரப்பினார். 1909இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை பைபிள் அதை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. 1948இல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடிழந்தபோது, இந்தப் போதனையில் ஊறியவர்கள் அதைத் தீர்க்கதரிசனம் நிறைவேறியதாகக் கொண்டாடினார்கள். வீட்டுச் சாவியோடு வெளியேறிய தாய்மாரில் கிறிஸ்தவத் தாய்மாரும் இருந்தார்கள் என்பதை நினைக்கவில்லை. அந்த மண்ணின் கிறிஸ்தவத் தலைவர்களே 2006இல் ஜெருசலேமிலிருந்து அறிக்கை விட்டு இந்தப் போதனையை நிராகரித்தார்கள். 2023 ஒக்டோபரில் காஸாவின் புனித போர்பிரியூஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் இஸ்ரேலியத் தாக்குதலில் மாண்டபோது, இறந்தவர்களும் அக்காவின் மார்க்கத்தவர்களே.

"உங்க குர்ஆனும் அந்தப் பூமி அவங்களுக்கு எழுதப்பட்டதென்று சொல்கிறதே?" என்று அவர் கேட்கலாம். சொல்கிறது, மூஸா (அலை) தம் சமூகத்தாரிடம் கூறியதாக (5:21). ஐந்து வசனம் தாண்டிப் படியுங்கள். அவர்கள் கீழ்ப்படிய மறுத்ததும் அதே பூமி நாற்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தடுக்கப்பட்டது. இப்ராஹீம் (அலை) தம் சந்ததிக்காகக் கேட்டபோதும், அநியாயக்காரர்களை என் வாக்குறுதி சேராது என்றே பதில் வந்தது (2:124). நபியின் பிள்ளைக்கே நிபந்தனை என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்? அல்லாஹ்வின் அருள் என்பது பேரப்பிள்ளைகள் பெட்டியில் பூட்டி வைக்கும் காணி உறுதி அல்ல.

சகோதரிகளே, ஒரு பேச்சு சாபம், மற்றது புகழ்ச்சி. ஆனால் இரண்டும் ஒரு மனிதனை அவன் செயலைப் பார்க்காமல், பிறந்த வயிற்றைப் பார்த்தே எடை போடுகின்றன. இதன் வேதனை கற்பிட்டிக் கரைக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இந்த மண் உங்களுடையதல்ல என்ற ஒரே சொல்லில், உடுத்த உடையோடு பலர் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 21இல் ஒரு சிறு கும்பல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மே மாதத்தில் அந்தப் பழி அதில் எந்தப் பங்குமில்லாத முஸ்லிம்களின் பள்ளிகள் மீதும் கடைகள் மீதும் விழுந்தது. அன்று நாம் வேண்டியதெல்லாம், "செய்தவனைப் பிடியுங்கள், எங்கள் பிள்ளைகளை விடுங்கள்" என்பதுதான். அந்த நீதியை மற்றவருக்கும் கொடுக்காவிட்டால் நம் பேச்சுக்கு என்ன பெறுமதி?

நம் வீட்டையும் பார்ப்போம். கஞ்சனையும் வஞ்சகனையும் "யஹூதி" என்று ஏசுகிறோமே, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்னை ஸபிய்யா (ரலி) யூத குலத்தவர். "யூதனின் மகள்" என்று சொல்லப்பட்டபோது அழுதார்கள். நபி (ஸல்) அவர்களோ, நீர் ஒரு நபியின் மகள், உம் சிறிய தந்தையும் நபி, நீர் இருப்பதும் ஒரு நபியின் மனைவியாக என்ற கருத்தில் ஆறுதல் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. மூஸா, ஹாரூன் (அலை) வழிவந்ததை இழிவாக அல்ல, கண்ணியமாகவே எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே, நுரைச்சோலைச் சகோதரியே, மகளை அருகில் இருத்திச் சொல்லுங்கள்: காஸாவில் குண்டு போடுகிறவனை எதிர்ப்போம், அவன் யூதன் என்பதற்காக அல்ல, அநியாயம் செய்வதற்காக. அதை எதிர்த்துக் குரல் கொடுக்கும் யூதரையும் மதிப்போம். அந்த மண்ணில் பிறந்த எவருக்கும் வாழும் உரிமை உண்டு. பிறரைத் துரத்தும் உரிமை எவருக்கும் இல்லை. அயலவர் இருவரிடமும் இதைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். வேலி தாண்டிப் போகும் வட்டிலப்பத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.