முத்திரை எங்கே குத்தப்பட்டிருக்கிறது?

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு காலனியில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி முகாமுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிறித்தவக் குடும்பங்கள் அதிகம் உள்ள தெரு அது. எங்கள் தோழர் ஒருவருக்கு மாமா முறை ஆகும் ஒருவர், கொத்தனார், அறுபதை நெருங்கியவர், எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஊசிக்குள் சிப் இருக்கிறது, அதுதான் 666, அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி தொடங்கிவிட்டது என்று ஒரு குரல் நல்ல தமிழில் பேசிக்கொண்டிருந்தது.

“உசுரு போனா போவட்டும் தம்பி. முத்திரை வாங்கிக்கினா ஜீவ புஸ்தகத்துல பேரு இருக்காதுப்பா” என்றார் மாமா.

தெருமுனைக்கு வந்ததும் எங்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் “படிக்காத ஜனம்” என்றார். மூன்று வாரம் கழித்து மாமா கொரோனாவில் இறந்துபோனார். அந்தச் சிரிப்பு இன்றுவரை எங்களை உறுத்துகிறது. சிரித்த நாங்கள் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவ்வளவு உழைத்த, இவ்வளவு அடிபட்ட ஒரு மனிதர் இந்தக் கதையை ஏன் நம்பினார்?

முதலில், “படிக்காத ஜனம்” என்பது பொய். மாமாவுக்கு அந்த வீடியோவை அனுப்பியவர் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர். இது கிறித்தவர்களுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 2020 மார்ச்சில் தலைநகர் டெல்லியிலேயே கொரோனாவை விரட்டக் கோமியம் குடிக்கும் விழா நடத்தினார்கள். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் இறந்தபோது எல்லா மதத்தவரும்தான் பயந்தார்கள். ஆனால் கிறித்தவர்களில் ஒரு பகுதியினரிடம் சதிக்கதைகள் வந்து ஒட்டிக்கொள்வதற்கென்று சில தனிக் காரணங்கள் உண்டு. அவற்றைத்தான் இங்கே பேசுகிறோம்.

முதல் காரணம், ஒரு வாசிப்பு முறை. விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் ஒரு மிருகம் வருகிறது. அதன் முத்திரையைக் கையிலோ நெற்றியிலோ வாங்காதவர் எதையும் வாங்கவும் விற்கவும் முடியாது என்கிறது அந்த நூல். மிருகத்தின் எண் 666. இதை ‘நாளைய செய்தித்தாள்’ போல வாசிக்கும் பழக்கம் கிறித்தவம் முழுவதற்கும் பொதுவானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வளர்த்தெடுத்த கடைசிக்காலக் கோட்பாடு, 1909இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை விவிலியத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. 1970இல் ஹால் லிண்ட்சே எழுதிய கடைசிக்கால நூல் கோடிக்கணக்கில் விற்றது. ஐரோப்பியப் பொதுச் சந்தையையும் சோவியத் ரஷ்யாவையும் அது தீர்க்கதரிசனத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தது, மிருகம் வரவில்லை. ஆனால் வாசிப்பு முறை பிழைத்துக்கொண்டது. பார்கோடு வந்தபோது அதுதான் முத்திரை என்றார்கள். பிறகு கடன் அட்டை, பிறகு ஆதார். மிசோரமில் சில சிறு பிரிவினர் இதே காரணம் சொல்லி ஆதார் வாங்க மறுத்தார்கள். பிறகு தடுப்பூசி. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், வேடம் மட்டும் மாறுவதில்லை.

இரண்டாவது காரணம், அவநம்பிக்கை. இதை நாம் கேலி செய்ய முடியாது. அவசரநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில் இந்திய அரசு எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தது. கட்டாயத்துக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் கிடைத்த பிறகும் அதைத் தராமல் அரசே அவர்களை வைத்து ஆய்வு நடத்தியது. அதிகாரம் மருத்துவ வேடத்தில் வந்து ஏழையின் உடம்பில் கைவைத்த வரலாறு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் “தள்ளி நில்லு” என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வரலாறு புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அதே நேரம், இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட நின்று ஜெபித்தவர் சபை பாஸ்டர். நம்பிக்கை அங்கேதான் போகும். அந்த பாஸ்டரே வீடியோவை அனுப்பினால் அதுவும் நம்பிக்கையோடுதான் போய்ச் சேரும்.

மூன்றாவது காரணம், மரியாதை. தலைமுறை தலைமுறையாக “உனக்கு என்ன தெரியும்” என்று கேட்கப்பட்ட ஒருவரிடம், உலகத் தலைவர்கள் மறைக்கும் ரகசியம் உனக்குத் தெரியும் என்று ஒரு குரல் சொல்கிறது. கலெக்டருக்குத் தெரியாதது, டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தராத பெருமையை அந்த வீடியோ மூன்று நிமிடத்தில் தந்துவிடுகிறது.

நான்காவது காரணத்தைத்தான் நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். சதிக்கதையில் வரும் எதிரி தூரத்தில் இருக்கிறான். இல்லுமினாட்டியை எதிர்த்தால் யாரும் உங்களுக்குக் கூலி வேலை தர மறுக்கப்போவதில்லை. பில் கேட்ஸைத் திட்டினால் பங்குத்தந்தை உங்கள் வீட்டுத் திருமணத்தைத் தள்ளிப்போட மாட்டார். ஊர்த் தெருக்காரரை எதிர்த்தால், கோயில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டால், அதற்கு விலை உண்டு. வலி உண்மையானது, எதிரி மட்டும் கற்பனை. அதனால்தான் பக்கத்தில் இருக்கும் எதிரிகளுக்கு இந்தக் கதைகள் மிகவும் வசதியாக இருக்கின்றன.

சதி என்று சொல்லத் தக்க ஒன்று வேண்டுமா? ரகசியமே இல்லாத ஒன்றைச் சொல்கிறோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 1980களில் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவருக்கு, செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. அவர் ஆதி திராவிடர், ஆனால் கிறித்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை தந்தது. 2022இல் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். எல்லாம் அரசிதழில் அச்சான சங்கதி. இதற்கு யூடியூபில் பயமுறுத்தும் பின்னணி இசை தேவையில்லை, அதனால் இதை யாரும் ஃபார்வர்டு செய்வதுமில்லை.

திருச்சபைக்குள்ளும் இதே கதைதான். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? 666 பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்? எண்ணிப் பாருங்கள்.

சதிக்கதை வெறும் பொழுதுபோக்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆயுதத்தால் அதிகம் வெட்டுப்பட்டவர்கள் நம் மக்கள்தான். 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகும், இது கிறித்தவர்களின் சதி என்ற பேச்சு கிராமம் கிராமமாகப் பரப்பப்பட்டது. வீடுகள் எரிந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காட்டுக்கும் முகாம்களுக்கும் ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாணோ என்ற தலித் சமூகத்துக் கிறித்தவர்களும் பழங்குடிக் கிறித்தவர்களும்.

அந்தத் தீயைப் பார்த்த பிறகும் கேரளத்தில் என்ன நடந்தது? 2020 ஜனவரியில் சீரோ மலபார் திருச்சபையின் ஆயர் மன்றம், கிறித்தவப் பெண்கள் ‘லவ் ஜிகாத்’துக்கு இலக்காகிறார்கள் என்று அறிக்கை விட்டது. அடுத்த மாதமே ஒன்றிய அரசு, அப்படி ஒரு வழக்கும் மத்திய விசாரணை அமைப்புகளால் பதிவு செய்யப்படவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. பேச்சு நிற்கவில்லை. 2021 செப்டம்பரில் பாலா ஆயர் ‘போதை ஜிகாத்’ என்று ஒன்றைச் சேர்த்தார். காதலுக்காக உண்மையிலேயே கொல்லப்பட்டவர் யார்? 2018 மே மாதம் கோட்டயத்துத் தலித் கிறித்தவ இளைஞர் ஒருவர். கடத்திக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்களில் அவர் மணந்த பெண்ணின் சொந்த அண்ணனும் ஒருவர். 2019இல் நீதிமன்றம் அதை ஆணவக்கொலை என்றே தீர்ப்பளித்தது. முஸ்லிமைக் காட்டிப் பயமுறுத்தும் கதை, வீட்டுக்குள் இருக்கும் சாதியை மூடும் போர்வையாகப் பயன்படுகிறது. இந்துத்துவம் தைத்த போர்வையைச் சிலுவை போட்டுக்கொண்டவர்களும் போர்த்திக்கொள்கிறார்கள்.

இல்லுமினாட்டி, உலகை ஆளும் ரகசிய வங்கிக் குடும்பம் போன்ற கதைகளும் அப்படித்தான். 1903இல் ரஷ்யாவில் வெளியான ‘சீயோன் பெரியோர்களின் நெறிமுறைகள்’ என்ற யூத வெறுப்புப் போலி ஆவணத்தின் வாசனை அவற்றில் வீசுகிறது. 1921இலேயே லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அது போலி என்று நிரூபித்தது. ஆனாலும் நாஜிகள் அதைப் பாடமாக வைத்தார்கள். ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளியாக்கும் எந்தக் கதையும் நமக்கு உதவாது. குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பார்த்த மண் இது.

அப்படியானால் மாமாவிடம் நாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வேதம் பொய் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. இன்னும் கவனமாக வாசிக்கலாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். வெளிப்படுத்தின விசேஷம் ரோமப் பேரரசின் கீழ் நசுங்கிக்கொண்டிருந்த சிறு சபைகளுக்கு எழுதப்பட்டது. நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கருத்து. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றும் இருக்கிறது. அதுவும் நீரோவின் பெயரை இன்னொரு விதமாக எழுதினால் வரும் கூட்டுத்தொகைதான். பேரரசனை வெளிப்படையாகத் திட்ட முடியாதவர்கள் எண்ணில் ஒளித்துத் திட்டியிருக்கிறார்கள். 18ஆம் அதிகாரத்தில் அந்தப் பேரரசின் வணிகச் சரக்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் விற்கப்படும் மனிதர்களைச் சொல்லி முடிக்கிறது அந்த நூல். எழுதியவருக்கு எதிரி யார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

முத்திரை இருப்பவர் மட்டுமே வாங்கலாம், விற்கலாம் என்றது ரோமின் ஏற்பாடு. இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். காலனிக்காரர் வைத்த டீக்கடையில் ஊர்க்காரர் டீ குடிப்பதில்லை. அவர் கறந்த பாலை ஊர்த் தெருவில் வாங்குவதில்லை. பணம் இருந்தாலும் ஊருக்குள் மனை விற்பதில்லை, நகரத்தில் பேரைக் கேட்டுவிட்டு வீடு வாடகைக்குத் தருவதில்லை. வாங்கவும் விற்கவும் விடாத முத்திரையை நாம் ஊசியில் தேடிக்கொண்டிருக்கிறோம். அது பிறக்கும்போதே குத்தப்பட்டுவிட்டது. ஞானஸ்நானத் தண்ணீரிலும் அது அழிய நம் திருச்சபைகள் விடவில்லை.

இளம் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் உங்கள் அத்தையோ சித்தப்பாவோ இப்படி ஒரு வீடியோ அனுப்பினால் குழுவில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். நேரில் போங்கள். பயத்தை முழுதாகக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகளை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள்: இதைச் சொன்னவர் யார், அவருக்கு இதில் வரும்படி என்ன? இதை நம்பினால் நாம் யாரை வெறுக்க வேண்டியிருக்கிறது? இதை நம்பினால் யாரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்? ஊசி போட வேண்டும் என்றால் கூடவே போய் வரிசையில் நில்லுங்கள், முதல் ஊசியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்டரிடமும் பேசுங்கள். பல பாஸ்டர்கள் நம் தெருப் பிள்ளைகள்தான், பேசினால் கேட்பார்கள்.

மாமாவை அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, இடுப்பளவு உயரம். அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. இரண்டு பக்கமும் ஒரே சிலுவை. எந்த முத்திரையும் வேண்டாம் என்று உயிரை விட்டவரை, அந்த முத்திரையைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் புதைத்தார்கள். குழிவெட்டியவர், மாமா இளவயதில் அதே சுவருக்குப் பூச்சு வேலை செய்தவர் என்று சொன்னார். அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த மாதமும் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.