தொலைவிலிருந்து வேலை வாங்குவோருக்கு

செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் வீட்டு அறைக்குள் உட்கார்ந்தபடி சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை செய்கிற இளைஞர்களை இன்று காணலாம். 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் அப்படியே தங்கிவிட்டனர். கண்ணுக்கு எட்டாத இந்தத் தொழிலாளரை எப்படி நடத்திச் செல்வது என்பது நிர்வாகிகளுக்குப் பெரிய பிரச்னையாகிவிட்டது. அதற்கென்று பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, புத்தகங்கள் விற்கின்றன. பல முதலாளிகள் கண்டுபிடித்திருக்கும் விடை என்ன? விரல் எத்தனை முறை விசையில் பட்டது என்று எண்ணுவது. திரையை அடிக்கடி படம் பிடிப்பது. பத்து நிமிஷம் அசைவில்லை என்றால் காரணம் கேட்பது. கங்காணி போய்க் கருவி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தூரத்தில் இருப்பவரைக் கொண்டு வேலை நடத்துவது புதிய விஷயமல்ல. ரயில்வேயில் நூறாண்டுகளுக்கும் மேலாக அது நடந்து வருகிறது. அதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அரியலூர் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி விடிவதற்கு முன், கொட்டும் மழையில், சென்னை–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. வெள்ளம் பாலத்தைக் குலைத்திருந்தது. என்ஜினும் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த நேர்மையை நாமும் மதிக்கிறோம். இன்றைய மந்திரிகளைப் பார்க்கும்போது கூடுதலாகவே மதிக்கத் தோன்றுகிறது. ஆனால் மந்திரி விலகுவதால் பாலம் பலப்பட்டுவிடாது. பாதையில் என்ன நடக்கிறது என்பதைப் பாதையில் நிற்பவன் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

மழைக்கால ரோந்து விதிகளை நிர்வாகிகள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ரோந்துத் தொழிலாளி தனக்குரிய தூரத்தை நடந்து முடித்ததும், அடுத்த பகுதியில் இருந்து வரும் தொழிலாளியைச் சந்தித்து, இருவரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆபத்தைக் கண்டால் யாரையும் கேட்காமல் சிவப்பு விளக்கைக் காட்டி, தண்டவாளத்தில் வெடிகளைப் பொருத்தி, எக்ஸ்பிரஸ் வண்டியானாலும் நிறுத்திவிடலாம். (பகலில் அவன் கையில் இருப்பது செங்கொடி என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. குறித்த நேரத்தில் அவன் வந்து சேராவிட்டால், ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை வழக்கம்போல் அனுப்பக் கூடாது; எச்சரிக்கை உத்தரவு கொடுத்து மெதுவாக ஓட்டச் செய்ய வேண்டும். அவன் மௌனமே ஆபத்தின் அறிவிப்பாகக் கொள்ளப்படுகிறது. மௌனமானவன் சோம்பேறி என்று முதலில் சந்தேகிப்பதல்ல அந்த விதி. அவனுக்கோ பாதைக்கோ ஏதோ நேர்ந்துவிட்டது என்று முதலில் அஞ்சுவது. இன்று பல இடங்களில் ரோந்துத் தொழிலாளிக்கு ஜி.பி.எஸ். கருவியும் கொடுத்திருக்கிறார்கள். அது அவன் உயிரைக் காக்கவா, அவன் நடந்த அடிகளை எண்ணவா?

இதற்கு நேர்மாறானதை நூறு நாள் வேலைத் தளங்களில் கண்டோம். 2021-ல் கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கிய ஏற்பாட்டின்படி, ஏரி வெட்டும் பெண்கள் நாளுக்கு இரண்டு முறை செல்போன் காமிரா முன் நிற்க வேண்டும். வேலை முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் கூலி போயிற்று என்ற முறையீடு நாடெங்கும் எழுந்தது. 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் போராடினார்கள். ஊழலை ஒழிக்கவே இது என்றது சர்க்கார். ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்தவையும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. டில்லிக்குப் படம் போனது. பணித்தளத்தில் நடப்பது டில்லிக்குத் தெரியவில்லை. அங்கே வெயிலில் நின்ற பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டமும் கருவிகளையே நம்புகிறது.

நம்மிடமும் குறை உண்டு. வாட்ஸப்பில் சுற்றறிக்கையை அனுப்பிவிட்டு, நீல அடையாளம் விழுந்ததும் கிளை இயங்குகிறது என்று திருப்தியடையும் தோழர்கள் இருக்கிறார்கள். 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய தோழர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் இருப்புப்பாதை நெடுகச் சென்று தொழிலாளரிடம் பேசினார்கள்; அதற்காகச் சிறைக்கும் சென்றார்கள்.

பாதைப் பராமரிப்பில் காலியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். இரவு ரோந்துக்கு இருவராக அனுப்ப வேண்டும். ஆபத்தென்று கருதி வண்டியை நிறுத்தியவன், பிறகு ஆபத்தில்லை என்று தெரிந்தாலும் தண்டிக்கப்படக் கூடாது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இதே உரிமை வேண்டும்: "இந்தக் கெடுவுக்குள் முடியாது" என்று சொன்னவன் மறுநாள் வேலையிழக்கக் கூடாது. வேலை நேரம் முடிந்தபின் அழைப்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டமாக இருக்கிறது. இங்கே ஏன் கூடாது?

ஆலை வாசலே இல்லாத இந்தத் தொழிலாளருக்கு வாயிற்கூட்டம் எங்கே போடுவது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மாலையில் அவர்கள் கூடும் டீக்கடை எது என்று பெரம்பலூர், அரியலூர் தோழர்களுக்குத் தெரியாதா? அங்கே போய், பேசுவதற்கு முன் கேட்கட்டும். கேட்டதை நமக்கு எழுதட்டும்.